மடத்துச் சுவரும் லயத்து வாசலும்
மலையகப் பெண் கல்வி பற்றிய ஒரு படிப்பினைக் கட்டுரை

நோட்டன் பிரிட்ஜ் என்றதும் வெளியூரவர்க்கு நினைவுக்கு வருவது அணைக்கட்டும் மின்சாரமும்தான். 1950ஆம் ஆண்டில் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல், இந்த நாட்டின் நீர்மின்சாரத்தின் தந்தை எனப்படும் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கிய மின்நிலையமும் இங்கே அமைந்தது. எமது மலைகளில் பெய்த மழை கொழும்பு நகரத்து வீதிகளுக்கு வெளிச்சமாகியது. ஆனால் அணைக்கட்டுக்கு மேலே, தேயிலை மலைகளில் இருந்த லயக் காம்பராக்களில் அதன்பின்னும் பல ஆண்டுகள் குப்பி விளக்குத்தான் எரிந்தது. விளக்கடியில் இருள் என்று எமது பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

கல்வியின் கதையும் இதைப் போன்றதே. இலங்கையில் பெண் பிள்ளைகளுக்குக் கல்வி வெளிச்சம் ஏற்றியவர்களுள் கத்தோலிக்கக் கன்னியர் மடங்களுக்குத் தனி இடம் உண்டு. அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது? அது லயத்து வாசலுக்கு வந்து சேர ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? இன்று நாம் அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்ளலாம்? இக்கட்டுரை இந்த மூன்று கேள்விகளையும் எடுத்து நோக்குகிறது. பழம்பெருமை பேசுவது இதன் நோக்கமன்று. எமது பெண் பிள்ளைகளின் நாளையைப் பற்றிச் சிந்திப்பதே நோக்கம்.

மடத்துக்குச் சுவர் வந்த கதை

1535ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் பிரேசியா நகரில் புனித அஞ்சலா மெரிச்சி என்ற பெண்மணி ஒரு குழுவைத் தொடங்கினார். உர்சுலைன் சபை என்று பின்னர் பெயர் பெற்ற அக்குழுவின் பெண்கள் தொடக்கத்தில் மடத்தில் அடைந்து வாழவில்லை. தத்தம் வீடுகளிலேயே தங்கி, இறைவனுக்குத் தம்மை அர்ப்பணித்து, சிறுமியருக்கு மறைக்கல்வி போதித்தார்கள். ஆனால் அக்காலத்துத் திருச்சபை இதை நெடுநாள் அனுமதிக்கவில்லை. திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் துறவறப் பெண்கள் மடத்துக்குள் அடைபட்டே வாழ வேண்டுமென வலியுறுத்தியது. வீதிக்கு வந்து கற்பித்த பெண்கள் மெல்ல மெல்லச் சுவருக்குள் சென்றார்கள்.

இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி வார்ட் அம்மையார் 1609இல் இன்னொரு முயற்சி செய்தார். சுவரில்லாத மடம், ஊரோடு கலந்து பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தும் சகோதரிகள் என்பதே அவருடைய கனவு. 1631இல் அவருடைய நிறுவனம் கலைக்கப்பட்டது. அவரும் சிறிது காலம் சிறை வைக்கப்பட்டார். பெண்கள் வெளியே வந்து கற்பிப்பதைச் சமுதாயம் மாத்திரமல்ல, திருச்சபையும் அன்று சந்தேகக் கண்ணோடு பார்த்தது என்பதை நாம் ஒளிக்கத் தேவையில்லை.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னரே நிலைமை மாறியது. ஏழைகளும் அநாதைகளும் பெருகிய அந்தக் காலத்தில், கற்பித்தலையும் நோயாளரைப் பராமரிப்பதையும் தமது பணியாக ஏற்ற சபைகள் பல தோன்றின. 1820இல் போர்தோ நகரில் திருக்குடும்ப சபை உருவாயிற்று. 1835இல் அஞ்சே நகரில் புனித மரிய யூப்பிராசியா நல்லாயன் சபையை நிறுவினார். இந்த இரண்டு சபைகளும்தான் பின்னர் இலங்கையின் பெண் கல்வியில் ஆழக் கால் பதித்தன.

இரு வழிகள்

இந்த இடத்தில் எமது அயல்நாடான இந்தியாவைச் சற்றுப் பார்ப்பது நல்லது. 1842இல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சகோதரிகள் சென்னைக்கு வந்தார்கள். அங்கிருந்த அயர்லாந்துப் படைவீரரின் பிள்ளைகளே அவர்களுடைய முதல் அக்கறை. பாடமொழி ஆங்கிலம். இவ்வகைப் பாடசாலையையே நாம் இன்று 'கொன்வென்ட்' என்ற சொல்லால் மனத்தில் காண்கிறோம்.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1844இல், புதுச்சேரியில் வேறொரு வழி திறந்தது. டுப்புயி என்ற பிரெஞ்சுக் குருவானவர் தமிழ்ப் பெண்களையே சகோதரிகளாகக் கொண்டு, தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவென்றே மரியாயின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். எழுத்துப் படிப்பது கோயில் தாசிகளுக்கே உரியது, குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்று பலர் எண்ணிய காலம் அது. அந்த எண்ணத்தை உடைப்பதற்கு வெளிநாட்டுப் பெண்களைவிட ஊர்ப் பெண்களே ஏற்றவர்கள் என்று அவர் கண்டார். தமிழில் பேசி, தமிழில் கற்பித்து, ஊர்களுக்குள்ளே சென்றார்கள் அச்சகோதரிகள்.

ஆக, இரண்டு வழிகள். ஒன்று, சுவருக்குள் இருந்துகொண்டு வசதியுள்ளவரை உள்ளே அழைப்பது. மற்றையது, மக்களின் மொழியோடு மக்களின் வாசலுக்குப் போவது. இரண்டும் ஒரே விசுவாசத்திலிருந்து பிறந்தவை. இரண்டாலும் நன்மை விளைந்தது. ஆனால் இரண்டும் ஒரே மக்களைச் சென்றடையவில்லை.

இலங்கையில் மடத்துப் பாடசாலைகள்

இலங்கையில் பெண் கல்விக்கு முதல் அடி வைத்தவர்கள் கத்தோலிக்கர் அல்லர் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷனரிமார் 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் நிறுவிய மகளிர் பாடசாலை, ஆசியாவிலேயே பெண்களுக்கான மிகப் பழைய உறைவிடப் பாடசாலைகளுள் ஒன்றாகும். 1862இல் திருக்குடும்ப சகோதரிகள் யாழ்ப்பாணம் வந்தனர். 1869இல் நல்லாயன் சகோதரிகள் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு வந்தனர். அதே 1869இல்தான் பிரித்தானிய அரசு பொதுப் போதனைத் திணைக்களத்தை ஏற்படுத்தி, சமய நிறுவனங்கள் நடத்தும் பாடசாலைகளுக்கு உதவிப் பணம் வழங்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலும் பின்னர் கொழும்பிலும் ஆயராக இருந்த போன்ஜீன் ஆண்டகை, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கப் பாடசாலை வேண்டும் என்று ஓயாது போராடியவர். அவருடைய காலத்தில் மடங்களும் பாடசாலைகளும் வேகமாகப் பெருகின.

மலைநாட்டைப் பொறுத்தவரை, கண்டி மறைமாவட்டம் 1886இல் நிறுவப்பட்டது. மூன்று ஆண்டுகளின் பின், 1889இல், நல்லாயன் சகோதரிகள் கண்டியில் மடம் தொடங்கினர். நுவரெலியாவிலும் அவர்களுடைய பாடசாலை எழுந்தது. ஹட்டனில் புனித கபிரியேல் மகளிர் பாடசாலை உருவாயிற்று. இப்பெயர்கள் இன்றும் எமது பிள்ளைகளின் சீருடைச் சின்னங்களில் உள்ளன.

இப்பாடசாலைகள் எவ்வாறு இயங்கின? சகோதரிகளுக்குக் குடும்பச் செலவு இல்லை. ஆகவே குறைந்த செலவில் நிறைந்த ஆசிரியைகள் கிடைத்தார்கள். ஆங்கிலப் பாடசாலையில் படித்த வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கட்டிய கட்டணமும் விடுதிப் பணமும் மடத்தின் வருமானம். அரசின் உதவிப் பணம் இன்னொரு துணை. இவற்றைக் கொண்டு பல மடங்கள் அதே வளவில் அல்லது அருகில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சுதேச மொழிப் பாடசாலையும், அநாதை இல்லமும், தையல் வகுப்பும் நடத்தின. அதாவது பணக்காரப் பிள்ளையின் கட்டணம் ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு ஒரு பங்கு கொடுத்தது. இது பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு குறையும் இருந்தது. ஒரே வளவில் இரண்டு படலைகள். ஒரு படலையால் போனவள் ஆங்கிலமும் பியானோவும் கற்றாள். மற்றப் படலையால் போனவள் தாய்மொழியில் வாசிக்கவும், துணி தைக்கவும், றேந்தை பின்னவும் கற்றாள்.

லயத்துப் பிள்ளை எங்கே இருந்தாள்?

மடத்துப் பாடசாலைகள் நகரத்தில் இருந்தன. தோட்டமோ துரையின் ஆட்சியில் இருந்தது. வெளியார் உள்ளே வர அனுமதி வேண்டும். கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார், கடைக்காரர் ஆகியோரின் மகள்மார் சிலர் நகரத்து விடுதிகளில் தங்கிப் படித்தார்கள். கொழுந்தெடுப்பவளின் மகளுக்கோ தோட்டப் பள்ளிக்கூடம் மாத்திரமே.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. பத்து வயதோடு படிப்பு முடிந்தது. பல இடங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. பெண் பிள்ளையென்றால் அந்த ஐந்து வகுப்பும் முழுதாகக் கிடைப்பதில்லை. தாய் மலைக்குப் போனால் தம்பி தங்கையை யார் பார்ப்பது? தண்ணீர் யார் எடுப்பது? அக்கேள்விகளுக்கு விடை எப்போதும் அவள்தான்.

1945இல் நாடு முழுவதற்கும் இலவசக் கல்வி வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் பெயரால் அதை நாம் நினைவுகூருகிறோம். ஆயினும் அரச பாடசாலை முறைக்கு வெளியே இருந்த தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அதன் பயன் போதிய அளவு வரவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவர் ஆக்கியது. வாக்கு இல்லாதவனின் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட எந்த அரசியல்வாதிக்கு அவசரம்? 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின. பாதி வகுப்பில் பெயர் வெட்டப்பட்ட பிள்ளைகள் எத்தனை!

1960: பாடசாலைகள் கைமாறின

1960இன் இறுதியில் நாட்டின் கல்வி வரலாற்றில் பெரும் மாற்றம் வந்தது. அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், அடுத்த ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளையும் ஆசிரிய பயிற்சிப் பாடசாலைகளையும் அரசின் கைக்குக் கொண்டுவந்தன. கத்தோலிக்க மக்கள் கொதித்தெழுந்தார்கள். பெற்றோர் பாடசாலைகளுக்குள் குடியேறிக் காவலிருந்தனர். இந்தியாவிலிருந்து கர்தினால் கிராசியஸ் ஆண்டகை வந்து சமரசம் செய்த பின்னரே நிலைமை தணிந்தது. நகரங்களிலிருந்த பெரிய பாடசாலைகள் சில, கட்டணம் அறவிடுவதில்லை என்ற நிபந்தனையுடன் தனியார் பாடசாலைகளாக நிலைத்தன. ஏனையவை அரச பாடசாலைகளாயின. அச்சட்டத்தைக் கொண்டுவந்த அரசின் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையார், நல்லாயன் சகோதரிகளின் கொழும்பு புனித பிரிஜெட் கன்னியர் மடத்தில் கற்றவர் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

இந்த மாற்றத்தை எப்படி மதிப்பிடுவது? அன்று அது திருச்சபைக்கு ஆறாத காயம். சமயச் சூழலும், சகோதரிகளின் கண்டிப்பும் கனிவும் கலந்த கவனிப்பும் பல பாடசாலைகளில் குறைந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் லயத்து வாசலில் நின்று பார்த்தால் இன்னொரு உண்மையும் தெரிகிறது. முன்னர் கட்டணத்தாலும் மொழியாலும் மூடியிருந்த சில படலைகள், அரச பாடசாலைகளான பின்னர் தோட்டத்துப் பிள்ளைக்கும் திறந்தன. எமக்கு வலித்த ஒன்று ஏழைக்கு வழியும் ஆகலாம். இதை ஏற்றுக்கொள்வது விசுவாசக் குறைவாகாது.

தோட்டப் பள்ளிக்கூடங்கள் 1970களிலேயே அரசிடம் வரத் தொடங்கின. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டு உதவியும், பின்னர் ஜெர்மன் உதவியுடன் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் மலையகத்துக்குக் கட்டடங்களையும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களையும் தந்தன. அதன் பயனைக் கணக்கிலும் காணலாம். மத்திய வங்கியின் 1986/87 ஆய்வின்படி தோட்டத்துறையில் எழுத வாசிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு 58 பேரளவில். ஆண்களோ 80 பேர். 2003/04 ஆய்வில் பெண்கள் ஏறத்தாழ 75, ஆண்கள் 88. ஏற்றம் உண்டு. ஆனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையிலான வெளி அப்போதும் மூடப்படவில்லை.

சுவரைத் தாண்டிய ஒருவர்

மேரி வார்ட் அம்மையாரின் வழியில் வந்த லொரேட்டோ சகோதரிகள் 1841இல் கல்கத்தாவுக்கு வந்தார்கள். அவர்களுடைய என்டாலி மடத்து வளவில் ஆங்கிலப் பாடசாலையும், வங்காள மொழியில் கற்பிக்கும் புனித மரியாள் பாடசாலையும் இருந்தன. அந்த வங்காளப் பாடசாலையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கற்பித்தவர் அருட்சகோதரி தெரேசா. மதிலுக்கு அப்பால் மோதிஜீல் என்ற சேரி. 1948இல் அவர் மடத்தை விட்டு வெளியே வந்து அந்தச் சேரியில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். மேசையில்லை, கரும்பலகையில்லை. குச்சியால் நிலத்தில் எழுத்தைக் கீறிக் கற்பித்தார்.

உலகம் அறிந்த அன்னை தெரேசாவின் பணி இப்படி ஒரு மடத்துப் பாடசாலையின் மதிலைத் தாண்டியதில்தான் தொடங்கியது. மடம் அவருக்குக் கல்வியையும் ஒழுங்கையும் செபத்தையும் கொடுத்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் மதிலுக்கு அப்பால் போனார். எமது படிப்பினையின் மையம் இதுவே.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, பெண் ஆசிரியை. மடத்துப் பாடசாலைகள் வெற்றி பெற்றதன் பெருங்காரணம், பெற்றோர் நம்பி மகளை ஒப்படைக்கக்கூடிய பெண்கள் அங்கே இருந்ததே. இன்று தோட்டத்திலிருந்தே ஆசிரியைகள் எழுந்துள்ளார்கள். ஒரு தோட்டத்தில் ஒரு பெண் ஆசிரியையாகிவிட்டால், அவளைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு வேறு போதனை வேண்டியதில்லை.

இரண்டாவது, விடுதி. நோட்டன் பகுதித் தோட்டத்து மாணவி உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பினால் பெரும்பாலும் ஹட்டன் போன்ற நகரத்தை நாட வேண்டியுள்ளது. விடியற்காலை மலையிறங்கி, பஸ்சுக்குக் காத்து, மாலையில் மழையிலும் மூடுபனியிலும் மலையேறும் பிள்ளை எப்போது படிப்பாள்? பாடசாலை நடத்தும் பொறுப்பு இன்று பெரும்பாலும் அரசினுடையது. ஆனால் பாதுகாப்பான, குறைந்த செலவிலான ஒரு மாணவியர் விடுதியை மடமும் பங்கும் நடத்தத் தடையில்லை. மடங்களுக்குப் பழகிய பணியும் அதுவே.

மூன்றாவது, இரண்டு படலைகளை ஒன்றாக்குதல். தையல் நல்ல தொழில்தான். ஆனால் ஏழைப் பிள்ளைக்குத் தையல் மாத்திரமே போதும் என்று நாமே தீர்மானிப்பது பழைய பிழையின் தொடர்ச்சியாகும். தமிழில் திடமாகக் கற்றபின் ஆங்கிலமும் சிங்களமும் கணினியும் லயத்துப் பிள்ளைக்கும் உரியவை.

நான்காவது, சமய வேறுபாடு பாராமை. எமது தோட்டங்களில் பெரும்பான்மையோர் இந்து மக்கள். மாரியம்மன் கோயில் பிள்ளைக்கும் தேவாலயத்துப் பிள்ளைக்கும் ஒரே பாய் விரிக்கும் மாலை வகுப்பே நற்செய்திக்குச் சாட்சியாகும்.

வீட்டுக்குள் இருக்கும் சுவர்

மடத்துச் சுவரைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் எமது வீட்டுச் சுவரையும் பார்க்க வேண்டும். பிள்ளை பெரியவளானதும் "இனி எதுக்கு அவளத் தூரத்துக்கு அனுப்பணும்?" என்று கேட்பது யார்? சாதாரண தரத்தில் ஒரு பாடம் தவறியதும், மறுமுறை எழுத விடாமல் கொழும்பில் வீட்டு வேலைக்கோ தைத்த ஆடைத் தொழிற்சாலைக்கோ அனுப்பத் தரகரோடு பேசுவது யார்? தகப்பன் சாராயத்துக்குக் கொடுக்கும் காசையும் மகளின் பஸ் காசையும் ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் விடை கிடைக்கும். 2016ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதை லயத்துக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் தாய்மாரும், மாதர் சங்கமும், ஆசிரியரும், பங்கு மக்களுமே.

பெரிய திட்டங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் பாடசாலையை விட்ட பெண் பிள்ளைகள் எத்தனை பேர், ஏன் விட்டார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுவது முதல் வேலை. மாலையில் இரண்டு மணித்தியாலம் வெளிச்சத்தோடும் அமைதியோடும் படிக்க, சிற்றாலயத்தையோ பிள்ளைக் காம்பராவையோ திறந்துவிடுவது இரண்டாவது வேலை. தூரத்துப் பாடசாலைக்குப் போகும் மாணவிகள் தனித்தனியே போகாமல் ஒன்றாகப் போய்வர ஒழுங்கு செய்வது மூன்றாவது.

அஞ்சலா மெரிச்சியின் தோழிகள் தத்தம் வீட்டிலிருந்தே இப்பணியைத் தொடங்கினார்கள். எமது பணிக்கும் பெரிய கட்டடம் முதலில் தேவையில்லை. எமது மலையில் பெய்த மழை தூரத்து ஊர்களுக்கு வெளிச்சம் கொடுத்தது போதும். இனி அந்த வெளிச்சத்தில் எமது மகளும் அமர்ந்து படிக்கட்டும்.

குழுக்களில் கலந்துரையாட

1. உங்கள் தோட்டத்தில் சாதாரண தரத்துக்கு முன் படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் உள்ளனரா? காரணம் தூரமா, பணமா, வீட்டு வேலையா, வேறொன்றா?

2. உங்கள் பாட்டி, அம்மா, மகள் ஆகிய மூவரும் எத்தனை வகுப்பு வரை படித்தார்கள்? அந்த மாற்றத்துக்கு எது உதவியது?

3. எமது பங்கிலோ சங்கத்திலோ இன்னும் "இரண்டு படலைகள்" இருக்கின்றனவா? எங்கே?

4. அடுத்த மூன்று மாதத்துக்குள் உங்கள் குழு செய்யக்கூடிய ஒரு காரியம் எது? யார், எப்போது தொடங்குவது?